முந்துலோஞ்சி

என் அலமாரியின் மேல்தட்டில், கல்யாணப் பட்டு வேட்டிக்கு அடியில், ஒரு பழைய கடித உறை இருக்கிறது. அதை யாரும் பிரித்ததில்லை. ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது. முன்பக்கம் முழுக்க முத்திரைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் நாலைந்தைத்தான் பிரித்துப் படிக்க முடியும். நடுவே பென்சிலால் இரண்டு வரி, நமக்குப் புரியாத பாஷையில். வலது மூலையில் ராஜா தலை போட்ட தபால்தலை இருந்த இடம் சதுரமாக வெட்டுப்பட்டிருக்கும். அது என் இரண்டாவது பையன் எட்டு வயதில் ஆல்பத்தில் ஒட்டுவதற்காகச் செய்த கைங்கரியம். பிள்ளைகளை அடிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு மட்டும் அடித்தேன். "ஒரு பழைய கவருக்காகவா குழந்தையை இப்படிப் போட்டு அடிக்கறேள்?" என்று என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த உறை எங்கள் போஸ்ட்மாஸ்டருடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சாந்தோமில் ஒரு சின்னத் தபாலாபீசில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவர்தான் அங்கே எல்லாம். காக்கித் தொப்பி, வெள்ளைக் கோட்டு, காலில் பளபளவென்று சப்பாத்து. போர்ச்சுகீசியப் பரம்பரை என்று சொல்லிக்கொள்வார். தெருவில் மீன் விற்கிறவர்கள் அவரைப் பறங்கி துரை என்பார்கள். ஆளைப் பார்த்தால் நானே அவரைவிட ஒரு மாற்றுச் சிவப்பு. இங்கிலீஷ் கனகச்சிதமாகப் பேசுவார். ஆனால் கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் மெட்ராஸ் தமிழ்தான் வரும். என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்னா மேன்" என்றால் அது நான்.

நான் சேர்ந்த முதல் வாரமே சீண்டத் தொடங்கிவிட்டார். "நீ பேசற தமிழ்ல பாதி எங்க ஆளுங்க கப்பல்ல எடுத்துக்கினு வந்தது, மேன். சாவி இன்னா பாஷை? ஜன்னல் இன்னா பாஷை? அலமாரி? எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடு, அப்பறம் வூட்டுக்குள்ள எப்டிப் போறேன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மேஜையைத் தட்டிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மயிலாப்பூர் மாட வீதிக்காரனிடம் தமிழைப் பற்றி இவர் சொல்வதாவது! சாயங்காலம் வீட்டுக்குப் போய், "அலமாரிச் சாவி எங்கே?" என்று என் மனைவியிடம் கேட்டபோது, சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் எதற்கு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

தபால் வேலையில் அவருக்கு நிகர் அவரேதான். முகவரி தெரியாத கடிதம் என்று ஒன்றை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. "தப்பா எழுதனவன் கிடையாது மேன், படிக்கத் தெரியாதவன்தான் கீறான்" என்பார். ஒருதடவை ரங்கூனிலிருந்து ஓர் உறை வந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்த பெயரை நான் 'மிசஸ் மண்டே கன்னி' என்று படித்தேன். மண்டே என்கிற திங்கட்கிழமையும், இங்கிலீஷ்காரன் கன்னி என்கிற சாக்குப் பையும் சேர்ந்த ஒரு பெயர். ஆங்கிலோ இந்தியச் சட்டைக்கார அம்மாள் யாரோ என்று முடிவு கட்டி, சாந்தோமில் வீடு வீடாக அன்றைக்குத் தபால்காரரை அலையவிட்டேன். திரும்பி வந்த உறையை போஸ்ட்மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். "கண்ணால படிக்காதே மேன். வாய்விட்டுப் படி. வேகமா" என்றார். படித்தேன். இன்னும் வேகமா என்றார். மூன்றாவது தடவை என் வாயிலிருந்தே முண்டகக்கண்ணி அம்மன் வெளியே வந்துவிட்டாள். அது அம்மன் கோயில் தெருவில் இருந்த, அம்மன் பெயரையே வைத்திருந்த ஒரு பூக்காரிக்கு அவள் பிள்ளை யாரையோ பிடித்து எழுதிப் போட்ட கடிதம். பிறந்தது முதல் அந்தக் கோயிலைச் சுற்றி வளர்ந்தவன் நான். வெட்கமாக இருந்தது.

இன்னொரு விஷயத்தில் அவர் பொல்லாதவர். உறையின் பின்பக்கத்தில் அனுப்புகிறவர் முகவரி இல்லாவிட்டால் கடிதத்தை வாங்க மாட்டார். சட்டத்தில் அப்படி இல்லை. அது அவர் போட்ட சட்டம். "பின்னால எழுதும்மா. போற எடம் தெரியாட்டியும் பரவால்ல, வர்ற எடம் தெரியணும்" என்று கவுண்டருக்கு வருகிறவர்களை விரட்டுவார். எழுதத் தெரியாதவர்களுக்கு அவரே எழுதிக் கொடுப்பார்.

அவருக்கு மனைவி இல்லை. காலமாகி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகள். பேபி என்று கூப்பிடுவார். இருபத்து மூன்று வயதில் அவள் தந்தைக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, குடையைச் சுழற்றியபடி கடற்கரைப் பக்கமிருந்து நடந்து வருவாள். நான் வேலையில் சேர்ந்த நாள் முதல் என்னை அங்கிள் என்றாள். எனக்கு அப்போது இருபத்தைந்து. பெரம்பூரில் ரயில் எஞ்சினில் வேலை பார்த்த ஒரு பையனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. கிறிஸ்துமஸ் நடனத்தில் பார்த்துப் பழகியவர்கள். நல்ல பையன், நெட்டையாக, கூச்ச சுபாவத்தோடு இருப்பான். தடை போட்டது பையனின் தாயார்தான். அவர்கள் வீட்டுக் கூடத்தில் இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரில் இருக்கிற வீட்டின் படம் மாட்டியிருக்குமாம். எங்கள் பாட்டனார் வீடு, இன்ன தெரு, இன்ன இலக்கம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாளாம். சாந்தோமில் பாதிப் பேர் கோட்டு மாட்டிக்கொண்டு ஐரோப்பியன் என்கிறார்கள், ஊர் பேர் கேட்டால் விழிக்கிறார்கள். உங்கள் ஊர் எது, காகிதத்தில் காட்டுங்கள், பிறகு கல்யாணம் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஊர் பேருக்கு போஸ்ட்மாஸ்டர் விழிக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் ஊர் பேர் இருந்தது. முதன்முதலில் கப்பலிலிருந்து சாந்தோம் கரையில் இறங்கிய மூதாதை ஒரு பீரங்கிக்காரன். இங்கேயே ஒரு மீனவப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். உன் ஊர் எது, உன் ஊர் எது என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவன் கடலைக் காட்டி "முந்துலோஞ்சி" என்பானாம். அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாள். பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பாஷை போய்விட்டது, ஜெபங்கள் போய்விட்டன, அந்த ஒரு பெயர் மட்டும் தங்கிவிட்டது. அவர்கள் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, எல்லோருமாக "முந்துலோஞ்சி!" என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்கள். "எங்க முந்துலோஞ்சி" என்று அவர் சொல்லும்போது, நான் எங்கள் பூர்வீகமான கும்பகோணத்தைச் சொல்கிற மாதிரியே இருக்கும்.

தபாலாபீசில் வெளிநாட்டு ஊர்களின் அட்டவணைப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் முந்துலோஞ்சி இல்லை. தேசப்படத்தில் லென்ஸை வைத்துக்கொண்டு போர்ச்சுகலை ஓரம் ஓரமாகத் தேடினார். அதிலும் இல்லை. "சின்ன ஊரா இருக்கும் மேன். இப்ப நம்ம வேளச்சேரிய எந்த மேப்புல போட்டுக்கீறான்? அதுக்காக வேளச்சேரி இல்லேன்னு ஆயிடுமா?" என்றார். அப்போது வேளச்சேரி என்றால் ஏரியும் வயலும்தான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாரையாவது கேட்டிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. ஊர்ப் பெயருக்கு யார் அர்த்தம் கேட்பார்கள்? திருவல்லிக்கேணிக்கு அர்த்தம் தெரிந்துகொண்டா டிராம் ஏறினோம்?

கடைசியில், 'பங்குக் குருவானவர், முந்துலோஞ்சி, போர்ச்சுகல்' என்று இங்கிலீஷில் முகவரி எழுதி, எங்கள் மூதாதை ஞானஸ்நானம் பெற்ற பதிவு உங்கள் கோயிலில் இருந்தால் பார்த்து ஒரு நகல் அனுப்ப வேண்டும் என்று கடிதம் எழுதினார். எழுத்துக் கூட்டியது தன் காதில் விழுந்தபடிதான். பின்பக்கத்தில் தன் முகவரி. உறையை என்னிடம் நீட்டி, "நீயே முத்திரை போடு மேன், உன் கை ராசியான கை" என்றார். நான் மனதுக்குள் கபாலீசுவரரை வேண்டிக்கொண்டு, மை திட்டுத் திட்டாகப் படாமல், வட்டம் முழுசாக விழும்படி முத்திரை குத்தினேன். உறையின் மூலையில் அந்த வட்டம் இப்போதும் பாதி தெரிகிறது. மீதிப் பாதி தபால்தலையோடு போய்விட்டது.

ஏழு மாதம் காத்திருந்தார். ஒவ்வொரு கப்பல் தபால் பை வரும்போதும் பையை அவரே அவிழ்ப்பார். பேபி சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் கவுண்டரை எட்டிப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். அவர் தலையை ஆட்டினால் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போய்விடுவாள். பையனின் தாயார் இரண்டு தடவை கெடு வைத்தாள். இரண்டு தடவையும் பையன் சண்டை போட்டுத் தள்ளிவைத்தான். மூன்றாவது தடவை, வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்களே வருகிறோம், இருப்பதைக் காட்டுங்கள், இல்லையென்றால் இதோடு விட்டுவிடலாம் என்று கடுதாசி வந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை, அவர் அனுப்பிய உறை அப்படியே திரும்பி வந்தது.

எத்தனை தபாலாபீசுகள் அதைத் திருப்பிப் பார்த்திருந்தனவோ! லிஸ்பன் முத்திரை மட்டும் மூன்று இடத்தில் விழுந்திருந்தது. அவர் முகம் வாடவில்லை. முத்திரைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, "தேடிக்கீறாங்க மேன், சும்மா உடல" என்றார். பென்சில் வரிகளைப் பார்த்ததும் எழுந்து தொப்பியை மாட்டினார். கோவாவிலிருந்து அந்த வருஷம்தான் ஒரு பாதிரியார் சாந்தோமுக்கு மாற்றலாகி வந்திருந்தார். அவருக்குப் போர்ச்சுகீசியம் தெரியும். ஆபீசைத் தபால்காரரிடம் விட்டுவிட்டு நானும் கூடவே ஓடினேன். பாதிரியார் வராந்தாவில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். சோப்பு முகத்தோடு உறையை வாங்கிப் படித்தவர் கடகடவென்று சிரித்தார். பிறகு போஸ்ட்மாஸ்டரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு மெதுவாக மொழிபெயர்த்துச் சொன்னார்: "இப்படி ஓர் ஊர் இல்லை. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். 'ரொம்ப தூரம்' என்று கேட்கிறது."

அதற்குப் பிறகு பாதிரியாரே இரண்டு தடவை அந்தப் போர்ச்சுகீசிய வார்த்தைகளைச் சரியான உச்சரிப்பில் சொல்லிக் காட்டினார். இரண்டு தடவையும் முந்துலோஞ்சிதான் எங்கள் காதில் விழுந்தது. போஸ்ட்மாஸ்டர் உறையைத் திருப்பி வாங்கிப் பென்சில் வரிகளை விரலால் தடவினார். முதலில் அவர் சொன்னது இதுதான்: "வேல தெரிஞ்சவன் மேன். எவனோ நம்மள மாதிரி ஒருத்தன்."

திரும்பும்போது ஆபீசுக்குப் போகாமல் மணலில் இறங்கி நடந்தார். வெயில் கொளுத்தியது. கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டு, "அந்த மீன்காரப் பொண்ணு தமிழ்ல கேட்டுக்கீறா, எங்கருந்து வந்தேன்னு. அவனுக்கு அம்மாம்தான் புரிஞ்சிருக்கும். ரொம்ப தூரம், ரொம்ப தூரம்னு சொல்லிக்கீறான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தாளு அட்ரஸ் சொல்லல மேன். அழுதுக்கீறான். நாங்க அத்த எழுதி வெச்சிக்கினோம்" என்றார். நான் அவர் சப்பாத்தில் ஏறியிருந்த மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "சார், பெரம்பூர்க்காராளுக்குப் போர்ச்சுகீசியம் எங்கே தெரியப்போறது? லிஸ்பன் முத்திரை இருக்கு, பென்சில்லே எழுத்து இருக்கு. ஊர் இருக்குன்னு பதில் வந்துடுத்துன்னு சொல்லிடுங்கோ. பாதிரியார் வாயே திறக்க மாட்டார். குழந்தை கல்யாணம், சார்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "கவர்ல ஒண்ணு எழுதிக்கீது. அத்த மாத்தி டெலிவரி பண்ணச் சொல்றியா? இத்தினி வருசம் எங்கிட்ட வேல செஞ்சிட்டு?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருந்தார். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, கேக்கும் பிஸ்கோத்தும் வைத்திருந்தார்கள். முட்டை போட்டது என்று நான் கேக்கைத் தொடவில்லை. பேபி எனக்கென்று தனியாக ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வைத்திருந்தாள். பையன், அவன் தாயார், ஒரு மாமன் மூன்று பேரும் வந்தார்கள். தாயார் கையுறையைக் கூடக் கழற்றாமல், காகிதம் வந்ததா என்று இங்கிலீஷில் நேராகக் கேட்டாள். போஸ்ட்மாஸ்டர் உறையை மேஜையில் வைத்தார். அந்த முத்திரைகளைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். லிஸ்பன் என்று வாய்விட்டே படித்தாள். பேபி என்னைப் பார்த்தாள். இதோ, சும்மா இருந்தாலே போதும், ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவர் நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல், பென்சில் எழுத்துக்கு அர்த்தம் சொன்னார்.

அந்த அம்மாள் உறையை இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். பிறகு, அப்படியானால் உங்கள் ஊர்தான் எது என்று கேட்டாள். ஏளனமாகக் கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். போஸ்ட்மாஸ்டர் உறையைப் புரட்டிப்போட்டு அவள் பக்கம் நகர்த்தினார். பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் அவர் பெயர், மாதா கோயில் தெரு, சாந்தோம், மயிலாப்பூர், மதராஸ். "ஊரைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தான் அனுப்பினேன். ஏழு மாசம் ஊரெல்லாம் சுத்திப் பாத்துட்டு, கரெக்டா இங்க வந்து சேந்துக்கீது" என்றார். கடைசியில் தமிழ்தான் வந்தது. அவள் எழுந்துவிட்டாள். பையன் எழவில்லை. மாமன் அவன் தோளைத் தொட்டான். பையன் எழுந்து வாசல்வரை போய் ஒருதடவை திரும்பிப் பார்த்தான். அதற்குமேல் அவனுக்குத் துணிவில்லை.

அவர்கள் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு பேபி வந்து தகப்பன் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். "உடுங்க டாடி. அந்த ஊர்ல இன்னா மரம் கீது, எப்ப மழ பேயுதுன்னு அந்தம்மா கேட்டுக்கினே இருந்திருக்கும். ஆயுசுக்கும் நான் எத்தினி பொய் சொல்றது?" என்றாள். சிரித்த மாதிரிதான் சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அழுகிற சத்தம் கேட்டது. அவர் கேக்கை ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தார், சாப்பிடவில்லை. நான் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் வீட்டில் கோப்பையைத் தூக்கி முந்துலோஞ்சி என்றுதான் சொன்னார்களாம். "வார்த்தையை மாத்தலையா சார்?" என்று கேட்டேன். "எதுக்கு மேன்? இப்பத்தான அதுக்கு அர்த்தம் கெடச்சிக்கீது" என்றார். பேபி நர்ஸ் வேலைக்குப் படித்தாள். ஐந்தாறு வருஷம் கழித்து மயிலாப்பூர்க் கம்பவுண்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு ஊர் பேர் ஒன்றும் தேவைப்படவில்லை. பெரம்பூர்க்காரர்கள் சுதந்திரத்துக்குப் பிறகு கப்பலேறிப் போய்விட்டதாகக் கேள்வி. அந்தப் படத்திலிருந்த வீட்டைக் கண்டுபிடித்தார்களா, தெரியவில்லை. போஸ்ட்மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில், சாவிக் கொத்தை ஒப்படைத்த கையோடு இந்த உறையையும் என்னிடம் கொடுத்தார். "வூட்ல வெச்சா பேபி கண்ல பட்டுக்கினே இருக்கும். முத்திர போட்டவன் நீதான, நீயே வெச்சிக்க" என்றார். சாந்தோம் கல்லறையில்தான் அவரை அடக்கம் செய்தோம். கடல் சத்தம் கேட்கிற இடம்.

போன வாரம் என் இரண்டாவது பையன் டெலிபோன் செய்தான். தபால்தலையை வெட்டினானே, அவன்தான். அமெரிக்கா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில், உன் தாத்தா எங்கே இருக்கிறார் என்று கேட்டார்களாம். குழந்தை கையை நீட்டி, "ரொம்ப தூரம்" என்றதாம். எந்த ஊர் என்று டீச்சர் திருப்பிக் கேட்டதற்கும் அதையே சொன்னதாம். சொல்லிவிட்டு என் பையன் ஒரேயடியாகச் சிரித்தான். எனக்குப் பேச்சு வரவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து, "அப்பா, இருக்கேளா? அப்பா, இருக்கேளா?" என்று கத்திக்கொண்டே இருந்தான். இருக்கேன்டா என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன்.

அன்று மத்தியானமே அலமாரியைத் திறந்து போஸ்ட்மாஸ்டரின் உறையை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் புதிதாக ஒரு வெளிநாட்டு உறை வாங்கி வைத்திருக்கிறேன், பேரனுக்குக் கடிதம் எழுத. ஒரு வாரமாகிறது, உள்ளே என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. அவனுக்குத் தமிழ் படிக்க வராது. பின்பக்கத்தை மட்டும் அன்றைக்கே எழுதி முடித்துவிட்டேன்: என் பெயர், கதவு இலக்கம், தெரு, மயிலாப்பூர், மதராஸ்.